இருபக்கமும் செல்லும் ஏது: அமினோ அமில ஆக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் பற்றிய ஒரு திறனாய்வு

நோய்க்கிருமிகளை ஒழிக்கும் புதிய மருந்துகளைத் தேடும் ஆராய்ச்சியாளர் எழுதும் கட்டுரைகளின் முகப்பில், பல்லாண்டுகளாக ஒரு வாதம் மாறாமல் நின்று வருகிறது. கிருமி தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்கிறது. மனித உடலுக்கோ அவற்றுட் பலவற்றை ஆக்கும் வல்லமை இல்லை. ஆகவே அவ்வாக்கத்தைத் தடுக்கும் மருந்து கிருமியைக் கொல்லும், மனிதனைத் தீண்டாது என்பதே அவ்வாதம். மூன்றே படிகளில் அமைந்த இது படிப்போர் நெஞ்சை எளிதிற் கவர்கிறது. முதற் படியிலும் இரண்டாம் படியிலும் ஐயத்திற்கு இடமில்லை. ஆதலால் மூன்றாம் படியையும் உடன்பட்டுவிட மனம் விரைகிறது.

அவ்வாறு விரைதல் தகாது. இவ்வாதம் முழுப் பிழையன்று. ஆயினும் அதில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அக்குறையைச் சுட்டுவது சொற்போர் அன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று 2022இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. 2023இல் காசநோய் ஒன்றே ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் உயிர்களைக் கொண்டது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பழைய மருந்துகள் ஒவ்வொன்றாய்ப் பயனிழந்து வருங்கால், புதிய மருந்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்னும் தெரிவு தவறுமானால், வீணாவது பொருள் மட்டுமன்று, காலமும் உயிருமாகும்.

வாதத்தின் வலிமை

முதலில் இவ்வாதத்திற்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுதல் முறை. உயிர்களின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்டவை. அவற்றுள் 9 வகையை மனித உடல் ஆக்க இயலாது. இவை உணவின் வழியே வந்து சேரவேண்டும். அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரோஸ், 1935இல் திரியோனைன் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தபின், எவை உணவில் இருந்தே தீரவேண்டியவை என்னும் பட்டியல் நிறைவெய்தத் தொடங்கியது. லைசின், டிரிப்டோபேன், மெத்தியோனைன், லியூசின் முதலியவை அப்பட்டியலில் அடங்கும்.

கிருமியின் நிலை வேறு. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியம், சிறிது சர்க்கரையும் அம்மோனியா உப்பும் வேறு சில தாதுக்களும் கிடைத்தால் 20 வகையையும் தானே ஆக்கிக்கொள்ளும். அதற்கென நொதிகள் படிப்படியாய் வரிசையில் நின்று வேலை செய்கின்றன. லைசினை ஆக்கும் நொதி மனித உடலில் இல்லை; டிரிப்டோபேனை ஆக்கும் நொதியும் இல்லை. இல்லாத நொதியைத் தாக்கும் மருந்து மனிதனை என் செய்யும்? பகைவன் வீட்டில் மட்டும் எரியும் விளக்கை ஊதி அணைப்பது போன்ற வேலை இது. பெனிசிலின் வெற்றி பெற்றதும் இத்தகைய வேற்றுமையால்தான். மனித அணுக்களுக்கு இல்லாத, பாக்டீரியாவுக்கு மட்டும் உள்ள உறைச்சுவரை அது தாக்குகிறது. ஆகவே வேற்றுமையைத் தேடுதல் என்னும் நெறி பழுதற்றது.

விடுபட்ட படி

இனி, குறை யாது என்று காண்க. மனித உடல் லைசினை ஆக்குவதில்லை. ஆக்காத உடல் லைசினின்றி வாழ்வதும் இல்லை. பருப்பிலும் மீனிலும் பாலிலும் இருந்து அதனைப் பெற்றுக் குருதியில் ஏற்றி, உடலின் ஒவ்வோர் அணுவுக்கும் அது பகிர்ந்தளிக்கிறது. ஒரு லிட்டர் குருதிநீரில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் லைசினும், ஏறத்தாழ 10 மில்லிகிராம் டிரிப்டோபேனும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நோய்க்கிருமி குடியிருப்பதும் அக்குருதி பாயும் உடலிலேதான். கிருமியின் அடுப்பை அணைத்துவிட்டால் அது பட்டினி கிடக்கும் என்று எண்ணுவது, சாப்பாட்டுக் கடையில் குடியிருப்பவனின் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அவன் பசியால் மடிவான் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

மருந்து மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்பதற்குக் காட்டப்பெறும் ஏது எதுவோ, அதுவே மருந்து கிருமிக்கும் தீங்கு செய்யாது என்பதற்கும் ஏதுவாகி நிற்கிறது. மனிதன் ஆக்குவதில்லை, ஆகவே உண்கிறான். உண்கிறான், ஆகவே குருதியில் வைத்திருக்கிறான். வைத்திருக்கிறான், ஆகவே கிருமி எடுத்துக்கொள்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதை, ஏதுப் போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுக்கும். ஒரு பக்கத்தோடு நில்லாமல் இருபக்கமும் செல்லும் ஏதுவே அநைகாந்திகம். தமிழாசிரியர் அந்நூலில் கற்பிக்கும் அப்போலிக்கு இன்றைய அறிவியலிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமாயின், இவ்வாதம் பொருத்தமாக உதவும்.

விடுபட்ட படி இதுதான்: கிருமி அப்பொருளைத் தான் வாழும் இடத்திலிருந்து பெற இயலாதிருத்தல் வேண்டும். மனிதன் ஆக்காமை ஒன்று. கிருமிக்கு இன்றியமையாமை இரண்டு. கிருமிக்கு வேறு வழியில்லாமை மூன்று. மூன்றும் சேர்ந்தால்தான் ஏது உண்மை ஏதுவாகும்.

சோதனைக் குழாயின் சான்று

இக்குறை ஆய்வுக்கூடத்தில் ஏன் தெரிவதில்லை என்பதும் ஆராயத்தக்கது. இத்தகைய மருந்துகளைத் தேடுவோர், அமினோ அமிலம் சிறிதும் கலவாத எளிய ஊட்டநீரில் கிருமியை வளர்க்கின்றனர். அங்கே கிருமி எல்லாவற்றையும் தானே ஆக்கியாக வேண்டும். தடுக்கும் பொருளை இட்டவுடன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பின்னர், மருந்து குறித்த நொதியைத்தான் தாக்கியது என்று உறுதி செய்ய ஒரு சோதனை செய்வர். குறித்த அமினோ அமிலத்தை ஊட்டநீரில் கலந்து பார்ப்பர். கிருமி மீண்டும் வளர்ந்தால், "மருந்து தாக்கியது இவ்வழியையே" என்று மகிழ்ந்து எழுதுவர்.

அச்சோதனை நல்ல சோதனைதான். ஆயினும் அது சொல்வது ஒரு செய்தியன்று, இரண்டு. மருந்து குறி தவறவில்லை என்பது ஒன்று. அமினோ அமிலம் கிடைக்குமிடத்தில் இம்மருந்து பயன்படாது என்பது மற்றொன்று. முதற் செய்தி கட்டுரையின் முடிவுரையில் இடம் பெறுகிறது. இரண்டாவது செய்தி பெரும்பாலும் வாய் திறவாமல் போய்விடுகிறது. மருந்தின் சிறப்புக்குக் கொண்டுவந்த சாட்சியே அதன் குறையையும் கூறி நிற்கிறான். வழக்கை முழுதும் கேளாமல் பாதியிலேயே தீர்ப்பெழுதுவது முறையாகாது.

எல்லாக் கிருமிகளுக்கும் இவ்வாக்க வல்லமை உண்டு என்று கொள்வதும் பிழை. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்னும் கிருமி, தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களுட் பெரும்பாலானவற்றைத் தானே ஆக்குவதில்லை. மனித உடலிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. பற்றவைக்காத அடுப்பை அணைக்க முயல்வதில் பொருள் என்ன?

பழைய ஆய்வுகள் உணர்த்தியது

இவ்வுண்மை இன்று புதிதாய்க் கண்டதும் அன்று. 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் பேக்கன், பரோஸ், யேட்ஸ் என்னும் மூவர் டைபாய்டு காய்ச்சலின் கிருமியைக் கொண்டு ஓர் அரிய ஆய்வு நடத்தினர். ஏதேனும் ஓர் ஊட்டப்பொருளை ஆக்கும் வல்லமையை இழந்த கிருமி வகைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் எலிகளின் உடலிற் செலுத்திப் பார்த்தனர். ஊனமுற்ற வகைகள் யாவும் நோய்செய்யும் ஆற்றலை இழந்துவிடவில்லை. பியூரின் என்னும் பொருளையோ, பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தையோ ஆக்க இயலாத வகைகள் வீரியம் குன்றின. பியூரினை எலியின் உடலிற் சேர்த்துச் செலுத்தியபோது, குன்றிய வீரியம் மீண்டது. கிருமி எதனை ஆக்க இயலாது என்பதைக் காட்டிலும், அதனை உடல் கொடுக்குமா கொடுக்காதா என்பதே நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது அன்றே வெளிப்பட்டது.

சல்பா மருந்துகளின் வரலாறும் இதனையே கூறும். ஜெர்மானிய அறிஞர் டோமாக், புரோன்டோசில் என்னும் சாயப்பொருளின் குணத்தை 1935இல் வெளியிட்டார். 1939இல் நோபல் பரிசுக்கு உரியவரானார். அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1940இல் இலண்டனில் டொனால்டு உட்ஸ் விளக்கினார். கிருமி பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைக் கொண்டு ஃபோலிக் அமிலத்தை ஆக்குகிறது. சல்பா மருந்து அவ்விடத்தில் உருவொத்த போலியாய்ப் புகுந்து ஆக்கத்தைக் கெடுக்கிறது. மனிதனோ ஃபோலிக் அமிலத்தைக் கீரையிலும் ஈரலிலும் இருந்து பெறுகிறான்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மனிதன் உண்ணும் ஃபோலிக் அமிலம் குருதியில் இருக்கிறதே, அதனைக் கிருமி எடுத்துக்கொள்ளாதா? நோய்செய்யும் கிருமிகளுட் பெரும்பாலானவற்றுக்கு அதனை உள்ளே இழுக்கும் வாயில் இல்லை. பக்கத்திலே பந்தி நடந்தாலும் அவற்றால் உண்ண இயலாது. சல்பா வென்றது மூன்றாம் நிபந்தனை நிறைவேறியதால்தான். சீழ் நிறைந்த புண்ணில் அதே மருந்து தளர்ந்துபோயிற்று. சிதைந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் பொருள்கள் சீழிலே மிகுந்திருக்கின்றன. ஃபோலிக் அமிலத்தைக் கொண்டு ஆக்கவேண்டிய பொருள்களே அங்கு ஆயத்தமாய்க் கிடைக்கும்போது கிருமிக்கு என்ன குறை? ஒரே மருந்து ஓரிடத்தில் வென்று மற்றோரிடத்தில் தோற்றது. வேறுபட்டது இடமேயன்றி மருந்தன்று.

வயலின் வெற்றி

இவ்வாதத்திற்கு ஆதரவாகக் களைகொல்லிகளைக் காட்டுவதும் உண்டு. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் தெளிக்கப்பெறும் கிளைபோசேட் என்னும் மருந்தைப் பலரும் அறிவர். அதன் களைகொல்லும் ஆற்றலை 1970இல் மான்சாண்டோ நிறுவனத்தின் ஜான் ஃபிரான்ஸ் கண்டறிந்தார். 1974இல் அது விற்பனைக்கு வந்தது. டிரிப்டோபேன், டைரோசின், ஃபினைல் அலனைன் ஆகிய மூன்றையும் ஆக்கும் பொதுவழியில் உள்ள ஒரு நொதியை அது தடுக்கிறது. 1982இல் வெளிவந்த குளோர்சல்பியூரான் என்னும் களைகொல்லி, லியூசின் முதலியவற்றின் ஆக்கத்தைத் தடுக்கிறது. வயலில் இத்துணை வெற்றி கண்ட நெறி மருத்துவமனையிலும் வெல்லும் என்பது ஆதரிப்போர் எதிர்பார்ப்பு.

இவ்வுவமை பொருந்தவில்லை. செடி மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் பெறுகிறதேயன்றி, ஆக்கி முடித்த அமினோ அமிலங்களைப் போதிய அளவு பெறுவதில்லை. அதற்கு உணவளிக்கும் குருதியும் இல்லை. அண்டி வாழும் சாப்பாட்டுக் கடையும் இல்லை. அடுப்பு அணைந்தால் பட்டினிதான். நீரில் மிதக்கும் லெம்னா என்னும் சிறுசெடியைக் கொண்டு 1972இல் ஜவோர்ஸ்கி செய்த ஆய்வு இதனை ஐயமறக் காட்டும். கிளைபோசேட்டால் வளர்ச்சி குன்றிய அச்செடிக்கு மேற்கூறிய வகை அமினோ அமிலங்களை நீரிற் கலந்து கொடுத்தபோது அது தேறியது. வயலில் கிடைத்த வெற்றியும், குருதியில் எழும் ஐயமும் ஒரே விதியின் இருமுகங்கள்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றோர் ஆய்வும் உண்டு. 1981இல் ஹாய்செத், ஸ்டாக்கர் என்னும் இருவர், மேற்சொன்ன பொதுவழியை இழந்த சால்மனெல்லா கிருமி எலிகளுக்கு நோய் செய்யவில்லை என்றும், அதனை உயிருள்ள தடுப்பு மருந்தாகப் பயன்படுத்தலாம் என்றும் காட்டினர். அமினோ அமில ஆக்கம் நின்றதால் கிருமி தளர்ந்தது என்று மேலோட்டமாகக் கூறிவிடலாம். ஆயின், அப்பொதுவழி அமினோ அமிலங்களை மட்டும் தருவதன்று. பாரா அமினோ பென்சாயிக் அமிலமும், இரும்பைப் பற்றி இழுக்கும் பொருளுக்கு வேண்டிய மற்றோர் அமிலமும் அவ்வழியிலிருந்தே கிளைக்கின்றன. எலியின் உடலில் அமினோ அமிலங்கள் உண்டு, இவ்விரண்டும் இல்லை. கிருமி வாடியது இல்லாதவற்றின் பொருட்டேயன்றி, இருந்தவற்றின் பொருட்டன்று.

உடல் வைத்திராத அமினோ அமிலங்கள்

இவ்வளவும் கூறியது இத்துறையையே தள்ளிவிடுவதற்கன்று. மூன்றாம் நிபந்தனையை நிறைவேற்றும் இலக்குகள் சில உண்டு. அவற்றைத் தேர்ந்து கொள்வதே அறிவுடைமை.

புரதத்தில் இடம்பெறாமல், பாக்டீரியாவின் உறைச்சுவரில் மட்டும் இடம்பெறும் அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று டைஅமினோ பிமிலிக் அமிலம். ஈ.கோலை, காசநோய்க் கிருமி முதலியவை லைசினை ஆக்கும் வழியில் அதற்கு முந்திய படியாக இதனை ஆக்கி, உறைச்சுவரைக் கட்டுவதற்குப் பயன்படுத்துகின்றன. மனிதன் இதனை ஆக்குவதும் இல்லை. தன் உடலுக்கு வேண்டியதாகக் குருதியில் சேமிப்பதும் இல்லை. குருதியில் உள்ள லைசினை எவ்வளவு எடுத்துக்கொண்டாலும் கிருமியால் அதனைப் பின்னோக்கி மாற்றி இப்பொருளாக்க இயலாது. ஆகவே லைசின் வழியைத் தாக்குவோர், "மனிதன் லைசினை ஆக்குவதில்லை" என்று எழுதுவதைவிட, "மனிதனிடம் டைஅமினோ பிமிலிக் அமிலம் இல்லை" என்று எழுதுவதே சரியான வாதமாகும். வழி ஒன்றே, ஏது வேறு.

அந்நல்ல இலக்கிலும் ஆராய்ச்சி எளிதில் முடிந்துவிடவில்லை. இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்பெறும் காப்டோபிரில் என்னும் மருந்து, இவ்வழியில் உள்ள டாப்-ஈ என்னும் நொதியைத் தடுப்பதாக 2009இல் வெளியாயிற்று. அது கிருமியின் வளர்ச்சியையும் தடுத்தது. இரண்டையும் இணைத்துக் காரணமும் காரியமும் என்று கொள்ளத் தோன்றும். ஆனால், கிருமியின் வளர்ச்சி நின்றது அந்நொதியின் வழியாக அன்று என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நொதியைத் தடுப்பதும், கிருமியைத் தடுப்பதும், அதனால் இதனைத் தடுப்பதும் மூன்று வெவ்வேறு கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

மற்றொன்று டி-அலனைன். புரதத்தில் உள்ள அலனைனின் கண்ணாடிப் பிம்பம் போன்ற அமைப்புடையது இது. உறைச்சுவருக்கு இன்றியமையாதது. இதனை ஆக்கும் நொதியையும், இதனை இரண்டிரண்டாய்ப் பிணைக்கும் நொதியையும் ஒருங்கே தடுக்கும் மருந்து புதிதாய்த் தேடவேண்டியதன்று, 1950களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சைக்ளோசெரின் என்னும் அம்மருந்து, மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அமினோ அமில ஆக்கத்தைத் தடுத்து நோய் தீர்க்க இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் இம்மருந்தை உட்கொள்வோர் சிலருக்கு மனக்கலக்கமும் சோர்வும் வலிப்பும் நேர்வதுண்டு. இது மூளையின் நரம்பணுக்களில் உள்ள வேறோர் இடத்திலும் சென்று ஒட்டிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். தாக்கப்படும் நொதி மனிதனிடம் இல்லை என்பதால் மருந்து மனிதனைத் தீண்டாது என்ற முடிவும் இங்கே பிழைத்தது. இலக்கு மனிதனிடம் இல்லாதிருக்கலாம். அம்பு பாய்வதற்கு வேறிடம் மனிதனிடம் இருக்கக்கூடும்.

காசநோய்க் கிருமியின் தனிவழக்கு

காசநோய்க் கிருமியைப் பற்றிய அண்மை ஆய்வுகள் இவ்விவாதத்தில் தனியிடம் பெறத்தக்கவை. இக்கிருமி குருதியில் மிதந்து திரிவதன்று. தன்னை விழுங்கும் வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது. குருதியில் ஓடும் உணவு யாவும் அவ்வறைக்குள் தடையின்றிச் சென்று சேர்வதில்லை.

டிரிப்டோபேனின் கதையைக் காண்க. உடலின் பாதுகாப்பணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து வெள்ளணுவைத் தூண்டும்போது, அவ்வெள்ளணு தன்னிடமுள்ள டிரிப்டோபேனைத் தானே சிதைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் பகைவனைப் பட்டினி போடும் போர்முறை அது. தானே டிரிப்டோபேனை ஆக்கிக்கொள்ளும் காசநோய்க் கிருமி அம்முற்றுகையிலிருந்து தப்பிவிடுகிறது. அதன் ஆக்கத்தையும் தடுத்துவிட்டால் முற்றுகை முழுமையாகும் என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. 2017இல், டிரிப்டோபேன் ஆக்கத்தின் இறுதி நொதியைத் தடுக்கும் ஒரு பொருள், காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமி தொற்றிய வரிக்குதிரை மீன்களில் பயன் தந்தது. இவ்விடத்தில் மருந்து தனித்துப் போரிடவில்லை. உடல் வெளியிலிருந்து உணவை மறிக்கிறது. மருந்து உள்ளிருந்து அடுப்பை அணைக்கிறது.

மெத்தியோனைனையும் அர்ஜினைனையும் பற்றிய ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. மெத்தியோனைனை ஆக்க இயலாத காசநோய்க் கிருமி எலியின் உடலில் விரைந்து மாண்டது என்று 2015இலும், அர்ஜினைனை ஆக்க இயலாதது அவ்வாறே மாண்டது என்று 2018இலும் ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டும் எலியின் குருதியில் உண்டு. இருந்தும் கிருமிக்குப் போதிய அளவு கிட்டவில்லை. உடலில் இருக்கிறது என்பதும், கிருமி இருக்குமிடத்தில் வேண்டிய அளவு கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல என்று இதனால் விளங்கும். ஆகவே, "குருதியில் உண்டு, ஆகையால் மருந்து பயன்படாது" என்று மறுபக்கத்தார் பொதுவாகக் கூறுவதும் அவசர முடிவே.

பட்டினியின் விளைவும் ஒரே தன்மையதன்று. சில அமினோ அமிலங்கள் இல்லாதபோது கிருமி பெருகாமல் உறங்கிக் கிடக்கும். மெத்தியோனைனும் அர்ஜினைனும் இல்லாதபோது மாண்டுபோகும். மாதக்கணக்கில் மருந்துண்ணும் காசநோயாளிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. உறங்கும் கிருமி மீண்டும் எழும், மாண்டது எழாது.

தேடும் முறையின் திருத்தம்

குறையை உணர்ந்து முறையைத் திருத்தியவர்களும் உளர். கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், ஊட்டம் குறைந்த நீரில் மட்டும் கிருமியைத் தடுக்கும் பொருள்களைத் தேடி, எந்த ஊட்டத்தைச் சேர்த்தால் அத்தடை நீங்குகிறது என்று பார்த்து, தாக்கப்படும் வழியை அடையாளங்காணும் முறையை 2013இல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட பொருள்களுள் ஒன்று பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தின் ஆக்கத்தைத் தடுப்பது. பயோட்டின் அமினோ அமிலம் அன்றெனினும், வழக்கு ஒன்றே.

அப்பொருள் தொடர்பான 2020ஆம் ஆண்டு ஆய்வு ஒரு பெரும் பாடத்தைத் தந்தது. எலியின் குருதியில் பயோட்டின் மனிதக் குருதியில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆதலால் மனிதனிடத்தில் பயன்படக்கூடிய மருந்து எலியினிடத்தில் தோற்றுப்போகும். எலியின் பயோட்டின் அளவை மனித அளவுக்கு இறக்கிச் சோதித்தபோது மருந்து பயன் தந்தது. சோதனைக் குழாய் பொய்யாக நம்பிக்கை ஊட்டக்கூடும். சோதனை எலி பொய்யாக நம்பிக்கையைக் கெடுக்கவும் கூடும். எந்த உடலில், எந்த உறுப்பில், எவ்வளவு என்று அளந்தறியாமல் ஆம் என்பதும் இல்லை என்பதும் ஒருபோலப் பிழை.

கிருமிக்குக் கிருமியும் வேறுபடும். கொழுப்பமில ஆக்கத்தைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றியும் இதே வழக்கு எழுந்தது. சில கிருமிகள் குருதியிலுள்ள கொழுப்பமிலத்தை எடுத்துக்கொண்டு தப்பிவிடுகின்றன என்று 2009இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் காட்டினர். ஸ்டபிலோகாக்கஸ் என்னும் கிருமிக்கு அது பொருந்தாது என்று பின்னர் மறுப்பு எழுந்தது. ஒரு கிருமிக்கு எழுதிய தீர்ப்பை மற்றொன்றுக்கு ஏற்றுவது அறிவியல் நெறியாகாது என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

ஒரு நொதி கிருமிக்கு இன்றியமையாதது என்பதைக் கண்டறிந்துவிட்டால் மருந்து கைக்கு எட்டிவிடும் என்ற நம்பிக்கையும் சோதனைக்குள்ளாயிற்று. கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை பல்வகை இலக்குகளைக் கொண்டு நடத்திய 67 பெருந்தேடல்களில், மேற்கொண்டு வளர்க்கத்தக்க பொருளைத் தந்தவை 5 மட்டுமே என்று 2007இல் வெளியாயிற்று. அவை யாவும் அமினோ அமிலத்தைப் பற்றியன அல்ல. தோல்விக்குக் காரணமும் ஒன்றன்று. கிருமியின் மேலுறையை மருந்து கடக்க இயலாமையும், சோதிக்கக் கிடைத்த வேதிப்பொருள்களின் குறைபாடும் அவற்றுட் சில. எனினும், தாளில் அழகாய் நிற்கும் வாதத்திற்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே எத்துணைத் தொலைவு என்பதை அக்கணக்கு அளந்து காட்டுகிறது.

முடிவு

அமினோ அமில ஆக்கத்தைத் தடுத்துக் கிருமியை ஒழிப்பது வீண்கனவு அன்று. சைக்ளோசெரினால் பிழைத்தோர் அதற்குச் சான்று. அது எல்லாக் கிருமிகளுக்கும் எல்லா அமினோ அமிலங்களுக்கும் பொதுவில் பொருந்தும் திறவுகோலும் அன்று. உறைச்சுவருக்கே உரிய அமினோ அமிலங்களில் அதற்கு உறுதியான இடமுண்டு. காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கும் வெள்ளணுவுக்குள் நம்பிக்கைக்குரிய இடமுண்டு. குருதியில் திரிந்து உடலின் உணவையே உண்டு வாழும் கிருமிகளைப் பொறுத்தவரை, வாதிப்போரே சான்றுகாட்டக் கடமைப்பட்டவர்.

"மனிதன் இதனை ஆக்குவதில்லை" என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் அடுத்த வரியிலேயே "கிருமி இதனை எங்கிருந்தேனும் பெற இயலுமா?" என்று தன்னைத்தானே கேட்டு விடை கூறவேண்டும். விடை கூறும் கட்டுரையை நம்பிப் படிக்கலாம். கேள்வியே எழாத கட்டுரையை, அது எத்துணைப் பெரிய இதழில் வந்தாலும், ஐயத்தோடு படிப்பதே நன்று. ஏதுவையும் போலியையும் பிரித்தறியக் கற்பிக்கும் தமிழாசிரியர், மருந்தைப் பற்றிய இவ்வழக்கை வகுப்பில் எடுத்துரைக்கலாம். அதனைப் பழகிய மாணவன் நாளை ஆய்வுக்கூடத்தில் நுழைந்தால், சோதனைக் குழாயில் கிருமி மாண்டது கண்டு மகிழுமுன், அந்தக் குழாயில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேட்பான்.